பிள்ளையைப் பார்க்கும் வழக்கில் ஒம்புட்ஸ்மன் ஏன் கையை விரிக்கிறார்?

இங்கிலாந்தில் கணவன் மனைவி பிரிந்து, பிள்ளை யாரோடு இருப்பது, மற்றவர் எப்போது வந்து பார்ப்பது என்ற தகராறு குடும்ப நீதிமன்றம் வரை போய்விட்டால், தோற்ற பக்கத்தின் கோபம் பெரும்பாலும் ஒரே ஓர் ஆவணத்தின் மேல்தான் இருக்கும். தீர்ப்புக்கு முன்னால் நீதிபதியின் மேசைக்கு வந்த சமூகப் பணியாளரின் அறிக்கைதான் அது. "நான் சொன்னதை எழுதவே இல்லை." "பள்ளிக்கூடத்தில் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை." "பிள்ளையோடு அரை மணி நேரம் பேசிவிட்டு என் வாழ்க்கையை முடித்துவிட்டார்." அறிக்கை எழுதியவர் பொதுப்பணத்தில் சம்பளம் வாங்குகிறவர். அப்படிப்பட்டவர்கள் தவறு செய்தால் விசாரிக்க ஒம்புட்ஸ்மன் என்கிற குறைகேள் அதிகாரி இருக்கிறார், அதுவும் கட்டணம் இல்லாமல். சரி, அவருக்கு எழுதிப் பார்ப்போம் என்று எழுதுகிறார்கள். வரும் பதில் அநேகமாக இப்படித்தான் இருக்கும்: இது நீதிமன்ற நடவடிக்கையின் ஒரு பகுதி, இதைப் பார்க்கச் சட்டம் எங்களுக்கு அதிகாரம் தரவில்லை.

படிக்கிறவருக்கு ஓர் அதிகாரி இன்னோர் அதிகாரியைக் காப்பாற்றுவதாகவே தோன்றும். அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் ஒம்புட்ஸ்மனின் கையைக் கட்டியிருப்பவை 1967-லும் 1974-லும் நாடாளுமன்றம் இயற்றிய இரண்டு சட்டங்கள். அந்தத் தடை பெருமளவுக்கு நியாயமானது என்றே நினைக்கிறேன். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அறிக்கையில் தவறு இருந்தால் நீதிமன்றத்துக்குள்ளேயே குறுக்கு விசாரணை செய்து அதைக் காட்டிவிடலாம் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட தடை அது. 2013-க்குப் பிறகு அந்த நம்பிக்கை பல பெற்றோருக்குப் பொருந்துவதில்லை.

அறிக்கை எங்கிருந்து வருகிறது

பெற்றோரில் ஒருவர் சி100 என்கிற மனுப் படிவத்தை நிரப்பி நீதிமன்றத்தில் கொடுத்ததும் வழக்கு தொடங்குகிறது. அது உடனே காஃப்காஸ் அமைப்புக்குப் போகும். 2001 ஏப்ரலில் உருவான இந்த அமைப்பு இங்கிலாந்தின் குடும்ப நீதிமன்றங்களுக்கு ஆலோசனை சொல்லும் சமூகப் பணியாளர்களைக் கொண்டது. நீதி அமைச்சகத்தின் கீழ் இருந்தாலும் தனியாக இயங்குவது. முதல் விசாரணைக்கு முன்பே போலீசிலும் கவுன்சில் என்கிற உள்ளாட்சி அமைப்பிலும் பெற்றோரைப் பற்றிய பதிவுகள் உண்டா என்று சரிபார்த்து, இருவரிடமும் தொலைபேசியில் பேசி, நீதிமன்றத்துக்கு ஒரு பாதுகாப்புக் கடிதம் அனுப்பும். விவகாரம் அதோடு முடியாவிட்டால், 1989 குழந்தைகள் சட்டத்தின் 7-ஆம் பிரிவின்படி முழு அறிக்கை ஒன்றை நீதிபதி கேட்கலாம். அதைக் காஃப்காஸ் எழுதும். குடும்பம் ஏற்கெனவே கவுன்சிலின் சமூகப் பணியாளர்களுக்குத் தெரிந்த குடும்பமாக இருந்தால் பெரும்பாலும் கவுன்சில் எழுதும்.

யார் எழுதினார் என்பது முக்கியம். காஃப்காஸ் மீதான புகார் நாடாளுமன்ற, சுகாதார சேவை ஒம்புட்ஸ்மனிடம் போகும். கவுன்சில் மீதான புகார் உள்ளாட்சி, சமூகப் பராமரிப்பு ஒம்புட்ஸ்மனிடம் போகும். இரண்டும் வேறு அலுவலகங்கள், வேறு சட்டங்கள், வேறு நுழைவாயில்கள். தவறான இடத்துக்கு எழுதிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு.

அறிக்கை ஒரு பரிந்துரை மட்டுமே. முடிவெடுப்பது நீதிபதி அல்லது மாஜிஸ்திரேட்டுகள். அறிக்கையை ஏற்க வேண்டிய கட்டாயம் நீதிபதிக்கு இல்லை. ஏற்காவிட்டால் ஏன் என்று காரணம் சொல்ல வேண்டும். நடைமுறையில் அந்தப் பரிந்துரைக்கு எவ்வளவு எடை என்பது வழக்காடிய எவருக்கும் தெரியும். பெற்றோரின் கோபம் அதன்மேல் திரும்புவது காரணம் இல்லாமல் இல்லை.

1967-இல் போட்ட கோடு

ஒம்புட்ஸ்மன் என்ற ஏற்பாடு 1809-இல் சுவீடனில் பிறந்தது. அங்கே இன்றைக்கும் அவர் நீதிமன்றங்களையும் கண்காணிக்கிறார். வழக்கு இழுத்தடிக்கப்பட்டால், நீதிபதி நடைமுறையை மதிக்காவிட்டால் கண்டிக்கலாம். தீர்ப்பை மட்டும் மாற்ற முடியாது. பின்லாந்திலும் அப்படித்தான். பிரிட்டன் இந்த ஏற்பாட்டை இரவல் வாங்கும்போது நீதிமன்றத்தை வெளியே விட்டுவிட்டது. நீதித்துறை சுதந்திரம் என்பதை அவர்கள் இறுக்கமாகப் புரிந்துகொண்டதும் ஒரு காரணம். நாடாளுமன்ற உறுப்பினர்கள் தங்கள் இடத்தை இந்தப் புதியவர் பிடித்துவிடுவாரோ என்று பயந்ததும் இன்னொரு காரணம். அந்தப் பயத்தின் மிச்சம் இன்னும் சட்டத்தில் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

1967 சட்டம் ஒம்புட்ஸ்மனுக்குக் கொடுத்த வேலை, நிர்வாகக் கோளாறால் ஒருவருக்கு அநீதி நேர்ந்ததா என்று பார்ப்பது. நிர்வாகக் கோளாறு என்றால் என்ன என்று சட்டம் விளக்கவில்லை. மசோதாவைக் கொண்டுவந்த அமைச்சர் ரிச்சர்ட் கிராஸ்மன் 1966-இல் அவையில் ஒரு பட்டியல் வாசித்தார்: பாரபட்சம், அலட்சியம், கவனக்குறைவு, தாமதம், திறமையின்மை, தான்தோன்றித்தனம் என்று அது நீளும். இன்றும் அதைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்தப் பட்டியலில் "தவறான முடிவு" என்பது கிடையாது. சட்டத்தின் 12-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது: கோளாறு இல்லாமல் எடுத்த முடிவு சரியா தப்பா என்று கேட்க ஒம்புட்ஸ்மனுக்கு உரிமை இல்லை.

அதோடு சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, உரிமையியல் வழக்கானாலும் குற்ற வழக்கானாலும் அதைத் தொடங்குவதும் நடத்துவதும் ஒம்புட்ஸ்மனின் எல்லைக்கு வெளியே என்று வெட்டிவிட்டது. கவுன்சில்களுக்கான 1974 சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையிலும் ஏறக்குறைய இதே வாசகம்தான். பிள்ளை வழக்குகளில் முட்டிக்கொள்வது இந்த வரியில்தான். இது முழுத்தடை. "இந்தக் குடும்பத்தின் நிலைமை பாவம், ஒரு விதிவிலக்கு கொடுப்போம்" என்று ஒம்புட்ஸ்மன் நினைத்தாலும் அவரால் முடியாது.

இதன் பக்கத்திலேயே இரண்டாவது தடை ஒன்று இருக்கிறது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். நீதிமன்றத்துக்குப் போய்த் தீர்வு தேடும் வழி உங்களுக்கு இருந்தால் ஒம்புட்ஸ்மன் பொதுவாகத் தலையிட மாட்டார் என்பது அது. இதில் மட்டும் அவருக்கு விருப்புரிமை உண்டு: இந்த மனிதரை நீதிமன்றத்துக்குப் போ என்று சொல்வது நியாயமில்லை என்று பட்டால் புகாரை எடுத்துக்கொள்ளலாம். ஓர் உதாரணம். கவுன்சிலின் பராமரிப்பில் இருக்கும் பிள்ளையைத் தாய் மாதம் இருமுறை பார்த்துவந்தார், கவுன்சில் அதை ஒருமுறையாகக் குறைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். குழந்தைகள் சட்டத்தின் 34-ஆம் பிரிவில் அவர் நீதிமன்றம் போகலாம் என்பதால் ஒம்புட்ஸ்மன் முதலில் அதைத்தான் காட்டுவார். ஆனால் தாயின் குறை பார்க்கும் நாட்களின் எண்ணிக்கை பற்றியது இல்லை. ஒத்துக்கொண்ட சந்திப்புகளையே ஆள் இல்லை, கார் இல்லை என்று கவுன்சில் கடைசி நேரத்தில் ரத்து செய்துகொண்டிருந்தது என்றால், அது நிர்வாகக் கோளாறு. அதற்காக ஒருவரை வழக்குப் போடச் சொல்வது அபத்தம். அந்தப் புகாரை எடுத்துக்கொள்ள இடம் உண்டு.

இரண்டாம் தடையில் ஒரு பொறி இருக்கிறது. நீதிமன்றம் போகும் வழி "இருந்தது" என்றால் விருப்புரிமை உண்டு. "போயும்விட்டார்" என்றால் அந்த விருப்புரிமையும் போய்விடும். அதே விஷயத்தை ஏற்கெனவே நீதிபதி முன் வைத்தவர், அங்கே கிடைத்தது போதவில்லை என்று ஒம்புட்ஸ்மனிடம் வர முடியாது.

ஒரு புகார்க் கடிதத்தைப் பிரித்துப் பார்த்தால்

சட்டப் பிரிவுகளைவிட ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டால் எளிதில் விளங்கும். கற்பனையான ஒரு தாயின் கடிதம் இது; ஆனால் இதில் உள்ள ஒவ்வொரு குறையும் பலர் எழுதுகிற குறைதான்.

சமூகப் பணியாளர் என்னைப் "பிள்ளையின் மனதைக் கெடுக்கிறவள்" என்று எழுதிவிட்டார் என்கிறார். இது அறிக்கையின் உள்ளடக்கம். ஒம்புட்ஸ்மன் பார்க்க மாட்டார். என் குடும்ப டாக்டரிடம் விசாரிக்காமலே எழுதினார் என்கிறார். இது உள்ளடக்கம் இல்லையே, வேலை செய்த விதம்தானே என்று நமக்குத் தோன்றும். இல்லை. நீதிமன்றத்துக்காக அறிக்கை தயாரித்த விதமும் வழக்கை நடத்துவதில் அடங்கும் என்பதே நடைமுறை. யாரைக் கேட்டார், யாரைக் கேட்கவில்லை, பிள்ளையோடு எத்தனை நிமிடம் பேசினார் என்பதெல்லாம் நீதிபதி முன் எழுப்பியிருக்க வேண்டிய கேள்விகள்.

நீதிபதி என் பேச்சைக் காதில் வாங்கவில்லை என்கிறார். மேல்முறையீடுதான் வழி.

நீதிமன்ற அலுவலகம் என் முகவரியை முன்னாள் கணவருக்கு அனுப்பிவிட்டது என்கிறார். சி8 படிவம் கொடுத்து முகவரியை ரகசியமாக வைக்கும்படி கேட்டிருந்தும் இது நடந்தது என்றால், கதை வேறு. 1990-இல் செய்த ஒரு திருத்தம் நீதிமன்ற அலுவலக ஊழியர்களின் நிர்வாக வேலையை ஒம்புட்ஸ்மனின் எல்லைக்குள் கொண்டுவந்தது. நீதிபதி சொல்லிச் செய்ததாக இருந்தால் மட்டும் வெளியே. குமாஸ்தாவின் கவனக்குறைவால் ஒரு பெண்ணின் பாதுகாப்பே கேள்விக்குள்ளானால் அது ஒம்புட்ஸ்மனின் வேலைதான். விசாரணைத் தேதிக் கடிதம் வராதது, தாக்கல் செய்த வாக்குமூலம் காணாமல் போனது, முன்கூட்டியே கேட்டிருந்தும் தமிழ் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யாமல் விட்டது எல்லாம் இந்த வகை. மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே விசாரணையை நடத்தலாம் என்று நீதிபதி முடிவெடுத்துவிட்டால் அந்த முடிவு மறுபடி கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடும். ஒரே காலை, ஒரே அறை. பாதி நடந்தது ஒம்புட்ஸ்மனுக்கு உட்பட்டது, மீதி உட்படாதது.

கடைசியாக, கவுன்சிலுக்குப் புகார் எழுதிப் பல மாதமாகியும் பதிலே இல்லை என்கிறார். பதில் போடாதது சுத்தமான நிர்வாகக் கோளாறு என்று நினைப்போம். இங்கேதான் எனக்கு எரிச்சல் வருகிறது. மூலப் பிரச்சினையைத் தங்களால் பார்க்க முடியாது என்றால், அதைப் பற்றிய புகாரைக் கையாண்ட விதத்தை மட்டும் விசாரிப்பது பொதுப்பணத்தை நல்லபடியாகச் செலவிடுவதாகாது என்பது உள்ளாட்சி ஒம்புட்ஸ்மனின் வழக்கமான நிலைப்பாடு. சட்டம் அவரை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. அது அவர் எடுத்த நிர்வாக முடிவு. செலவுக் கணக்குப்படி அதில் நியாயம் இருக்கலாம். ஆனால் நீதிமன்றம் சம்பந்தப்பட்ட புகார் என்றால் பதிலே போடாமல் இருந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது என்று ஒரு கவுன்சில் கற்றுக்கொள்ளவும் அது வழி செய்கிறது.

வழக்கு தொடங்குவதற்கு முன்னால் நடந்தவையும் முடிந்த பிறகு நடந்தவையும் பொதுவாகத் திறந்தே இருக்கின்றன. பிள்ளைக்கு ஆபத்து என்று தந்தை சொன்னதைக் கவுன்சில் ஓராண்டு கிடப்பில் போட்டது, வழக்கு முடிந்ததும் ஆணையின்படி செய்ய வேண்டிய உதவியைக் கவுன்சில் செய்யாமல் விட்டது போன்றவை. ஆனால் வழக்குக்கு முந்தைய அந்தச் சம்பவத்தையே பிறகு நீதிபதி முன் ஆதாரமாக வைத்துவிட்டால், அது வழக்கோடு பின்னிப் பிணைந்துவிட்டது என்று கதவு மூடும்.

தடை சரி, ஆனால்

ஒம்புட்ஸ்மனுக்கு அறிக்கையைத் திருத்தும் அதிகாரம் இருந்தால் என்ன ஆகும்? நீதிபதி இரு தரப்பையும் கேட்டு, சாட்சிகளைப் பார்த்து, பிள்ளையின் நலனே முதன்மை என்ற சட்ட அளவுகோலை வைத்து ஒரு முடிவு சொல்கிறார். ஆறு மாதம் கழித்து, ஒரு பக்கம் எழுதிய கடிதத்தைப் படித்து இன்னோர் அதிகாரி அதன் அடிப்படையையே தப்பு என்கிறார். மற்றப் பெற்றோருக்கு அங்கே குரல் இல்லை. பிள்ளைக்கு இரண்டு தீர்ப்புகள். தோற்கிறவர் எப்போதும் ஒருவர் இருப்பார் என்பதால் ஒவ்வொரு வழக்கும் இரண்டு சுற்று ஓடும். சமூகப் பணியாளரும் பிள்ளைக்கு எது நல்லது என்று எழுதுவதைவிட, யார் புகார் எழுதமாட்டார் என்று பார்த்து எழுதத் தொடங்கலாம். இதையெல்லாம் யோசித்தால் தடை வேண்டியதுதான்.

அதற்கு ஈடாகச் சட்டம் ஒன்றைக் கொடுத்தது. காஃப்காஸை உருவாக்கிய அதே 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, அதன் அதிகாரியை மற்ற எந்தச் சாட்சியையும் போலக் குறுக்கு விசாரணை செய்யலாம் என்கிறது. பள்ளிக்கூடத்தை ஏன் கேட்கவில்லை, இந்த வரிக்கு ஆதாரம் எங்கே, பிள்ளை சொன்னதாக எழுதியிருப்பதைப் பிள்ளை எந்தச் சூழ்நிலையில் சொன்னது என்றெல்லாம் கேட்கலாம். ஒரு நல்ல வழக்கறிஞர் அரை மணி நேரத்தில் பலவீனமான அறிக்கையின் தையலைப் பிரித்துவிடுவார்.

வழக்கறிஞர் இருந்தால். 2013 ஏப்ரல் 1 முதல், பெற்றோருக்கு இடையிலான பிள்ளை வழக்குகளுக்கு அரசின் சட்ட உதவிப் பணம் பெரும்பாலும் நின்றுபோனது. குடும்ப வன்முறைக்கோ பிள்ளை துன்புறுத்தலுக்கோ குறிப்பிட்ட ஆதாரம் காட்டுகிறவர்களுக்கு மட்டும், அதுவும் வருமானச் சோதனையோடு, மிச்சம் வைத்தார்கள். அதன் பிறகு குடும்ப நீதிமன்றங்களில் தானே தனக்காக வாதாடுகிறவர்கள் பெருகினார்கள். இரவு வேலை முடித்து வந்து, தன் பிள்ளையைப் பற்றித் தனக்கு எதிராக எழுதப்பட்ட அறிக்கையை இரண்டாம் மொழியில் படித்து, எழுதியவரை நிதானமாகக் கேள்வி கேட்பது எத்தனை பேரால் முடியும்? கோபத்தில் குரல் உயர்ந்தால் அதுவே அறிக்கை சொன்னதற்குச் சாட்சியாகிவிடும் என்ற பயம் வேறு.

1967-லும் 1974-லும் சட்டம் எழுதியவர்கள் ஒம்புட்ஸ்மனின் கதவை மூடியபோது நீதிமன்றக் கதவு உண்மையிலேயே திறந்திருக்கும் என்று நம்பியிருந்தார்கள். சட்ட உதவியை வெட்டியவர்கள் இந்தப் பக்கத்துக் கதவைத் திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

2022 பிப்ரவரியில் டோர்செட்டிலும் வடக்கு வேல்ஸிலும் தொடங்கிப் பிறகு வேறு பகுதிகளுக்கும் பரவிவரும் புதிய நடைமுறையில், பிள்ளையின் மீது ஏற்படும் தாக்கத்தைப் பற்றிய அறிக்கை ஆரம்பத்திலேயே தயாராகிவிடுகிறது. விசாரணைகள் குறைகின்றன, வழக்கு சீக்கிரம் முடிகிறது. பல குடும்பங்களுக்கு இது நல்லதுதான், குறிப்பாக வன்முறையிலிருந்து தப்பி வந்தவர்களுக்கு. ஆனால் விசாரணை குறையக் குறைய அறிக்கையின் எடை கூடும். அதைச் சோதிக்கும் வாய்ப்பு சுருங்கும். வழக்கில் தலையிடாமல், அறிக்கைகளின் தரத்தை மட்டும் தோராயமாக எடுத்துச் சோதிக்கும் ஒரு சுதந்திரமான ஏற்பாட்டைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் இது. பள்ளிகளையும் குழந்தைகள் சேவைகளையும் ஆய்வு செய்யும் ஆஃப்ஸ்டெட் அமைப்பின் ஆய்வாளர்கள் காஃப்காஸைப் பார்க்கிறார்கள், உண்மை. அது அமைப்பைப் பற்றிய மதிப்பீடு. உங்கள் வழக்கில் என்ன நடந்தது என்று அது சொல்லாது.

எம்.பி. கையெழுத்தும் 12 மாதமும்

நான் முன்னே சொன்ன 1967-இன் மிச்சம் இதுதான்: காஃப்காஸ், நீதிமன்ற அலுவலகம் போன்றவற்றின் மீதான புகாரை நாடாளுமன்ற ஒம்புட்ஸ்மனிடம் நேரே கொடுக்க முடியாது. ஒரு எம்.பி. வழியாகத்தான் போக வேண்டும். கவுன்சில்கள் மீதான புகாருக்கும் ஒருகாலத்தில் கவுன்சிலர் வழியாகப் போக வேண்டியிருந்தது; 1988-இல் அதை எடுத்துவிட்டார்கள். எம்.பி. சல்லடையை நீக்க 2016 டிசம்பரில் ஒரு வரைவு மசோதா வந்து, அப்படியே நின்றுபோனது. வேல்ஸில் இந்தச் சல்லடை இல்லை. அங்கே காஃப்காஸின் வேலையைச் செய்யும் காஃப்காஸ் கம்ரி 2005 முதல் வேல்ஸ் அரசின் பகுதி என்பதால், அதன் மீதான புகார் நேரே வேல்ஸ் பொதுச்சேவை ஒம்புட்ஸ்மனுக்குப் போகும்.

கால எல்லை இன்னொரு சங்கடம். பிரச்சினை உங்களுக்குத் தெரியவந்து 12 மாதத்துக்குள் புகார் போக வேண்டும். நாடாளுமன்ற ஒம்புட்ஸ்மன் என்றால் எம்.பி.யிடம் கொடுத்த நாள்தான் கணக்கு. அதற்கு முன் அந்தந்த அமைப்பின் சொந்தப் புகார் நடைமுறையை முடித்திருக்க வேண்டும். வழக்கு நடந்துகொண்டிருந்தால் அமைப்பு பெரும்பாலும் "நீதிமன்றத்தில் சொல்லுங்கள்" என்று நிறுத்திவைக்கும். பெற்றோருக்கு இடையிலான பிள்ளை வழக்குகள் அண்மை ஆண்டுகளில் சராசரியாக 40 வாரத்துக்கு மேல் ஓடியிருக்கின்றன. கூட்டிப் பாருங்கள். தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்க ஒம்புட்ஸ்மனுக்கு அதிகாரம் உண்டு, ஆனால் அதை நம்பி இருக்கக் கூடாது. நிர்வாகக் குறை என்று தெளிவாகத் தெரிகிற ஒன்று வழக்கின் நடுவில் நடந்தால் அப்போதே தனிக் கடிதமாக எழுதிவிடுவது நல்லது. அறிக்கையைப் பற்றிய கோபத்தை அதே கடிதத்தில் கலந்தால் முழுக் கடிதமும் "நீதிமன்ற விஷயம்" என்று ஒதுங்கிவிடும்.

எம்.பி.யிடம் வழக்கு விவரத்தைச் சொல்லலாமா என்று பலர் பயப்படுகிறார்கள். குடும்ப வழக்குகளின் விவரத்தை வெளியே சொன்னால் நீதிமன்ற அவமதிப்பு ஆகலாம் என்பது உண்மை. ஆனால் வழக்கோடு சம்பந்தப்பட்ட ஒருவர் மீதோ அமைப்பின் மீதோ புகார் கொடுக்கத் தேவையான அளவுக்கு ஒரு தரப்பினர் விவரம் சொல்லலாம் என்று குடும்ப நடைமுறை விதிகளிலேயே, 12.75-ஆம் விதியில், இருக்கிறது. எம்.பி.க்கு அனுப்பலாம். சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அறிக்கையைப் படம் பிடித்துப் போடுவது வேறு. அதற்கு இந்த விதி உதவாது.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நீதிபதி கத்தினார், இழிவாகப் பேசினார் என்றால் நீதித்துறை நடத்தை விசாரணை அலுவலகத்துக்கு மூன்று மாதத்துக்குள் எழுதலாம். தீர்ப்பைப் பற்றி அங்கே பேச முடியாது. அந்த அலுவலகம் புகாரைச் சரியாகக் கையாளவில்லை என்றால் நீதித்துறை நியமன, நடத்தை ஒம்புட்ஸ்மன் என்று இன்னொருவர் இருக்கிறார். அவரும் கையாண்ட விதத்தை மட்டுமே பார்ப்பார். வழக்கறிஞர்களுக்கான சட்ட ஒம்புட்ஸ்மன் உங்கள் சொந்த வழக்கறிஞரின் சேவையைத்தான் பார்ப்பார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பொய் சொன்னார் என்று அவரிடம் போனால் பயனில்லை. சமூகப் பணியாளர்களைப் பதிவு செய்யும் சோஷியல் வொர்க் இங்கிலாந்து, ஒருவர் அந்தத் தொழிலில் இருக்கத் தகுதியானவரா என்று பார்க்கும், அறிக்கையை மாற்றாது. நீதிபதியே தீர்ப்பில் அந்தப் பணியாளரைக் கண்டித்திருந்தால் அங்கே புகாருக்கு எடை கூடும். குழந்தைகள் ஆணையரும் குடும்ப வன்முறை ஆணையரும் தனி வழக்குகளில் தலையிடுவதில்லை.

மற்றப் பெற்றோர் ஆணையை மீறிப் பிள்ளையை அனுப்ப மறுத்தால் காஃப்காஸ் ஏன் ஒன்றும் செய்யவில்லை என்று புகார் எழுதுகிறவர்களும் உண்டு. ஆணையை அமல்படுத்துவது காஃப்காஸின் வேலை இல்லை. அதே நீதிமன்றத்தில் அமலாக்க மனு போட வேண்டும். தகுந்த காரணம் இல்லாமல் மீறியதாக நிரூபித்தால், மீறியவரை 40 முதல் 200 மணி நேரம் வரை ஊதியமில்லா வேலை செய்யச் சொல்லவும், பயணச் செலவு போன்ற இழப்பை ஈடுகட்டச் சொல்லவும் நீதிபதிக்கு அதிகாரம் உண்டு.

இத்தனையும் தாண்டி ஒம்புட்ஸ்மன் உங்கள் பக்கம் முடிவு சொன்னால் என்ன கிடைக்கும்? ஒரு மன்னிப்புக் கடிதம், சிறிய தொகை, இனி இப்படி நடக்காமல் பார்க்க நடைமுறையை மாற்றும்படி ஒரு பரிந்துரை. அமைப்புகள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கின்றன. பிள்ளையைப் பார்க்கும் ஆணையில் ஒரு வரிகூட மாறாது.

ஆணை மாற வேண்டும் என்றால் இரண்டே வழி. தீர்ப்பில் தவறு இருக்கிறது என்றால் மேல்முறையீடு. நீதிமன்றம் வேறு கெடு வைக்காவிட்டால் 21 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும், மாஜிஸ்திரேட்டுகளின் தீர்ப்பாக இல்லாவிட்டால் அனுமதியும் வாங்க வேண்டும். நிலைமை மாறிவிட்டது என்றால் ஆணையைத் திருத்தக் கேட்டுப் புதிய மனு. குழந்தைகள் சட்டத்தின் 91-ஆம் பிரிவின் 14-ஆம் உட்பிரிவில், அனுமதி இல்லாமல் மனு போடக் கூடாது என்று உங்கள்மேல் தடை போடப்பட்டிருந்தால் அதற்கும் முதலில் அனுமதி கேட்க வேண்டும். காஃப்காஸுக்கோ கவுன்சிலுக்கோ புகார் கொடுத்துவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பதால் அந்த 21 நாள் நின்று காத்திருக்காது.